ஒற்றை நரம்பும் ஒரு கூடாரமும்: துவாரெக் மகளிரின் இம்ஸாத்

இசைக்கருவிகளைப் பற்றி எழுதுவோர், அவை எம்மரத்தால் ஆயின, எத்தனை நரம்பு பெற்றன, எவ்வாறு ஒலிக்கின்றன என்னும் வினாக்களோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். அக்கருவி யார் கையில் இருக்கலாம், யார் கையில் இருத்தலாகாது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. வட ஆப்பிரிக்காவின் சகாராப் பாலையில் வாழும் துவாரெக் மக்களிடையே வழங்கும் இம்ஸாத் என்னும் கருவியைப் பொறுத்தவரை இந்த இரண்டாம் வினாவே தலையாயது. ஒரே நரம்பு, வளைந்த வில், மெல்லிய ஒலி. அதனை இசைப்பவர் பெண்ணாகவே இருத்தல் வேண்டும். ஆண்மகன் பாடலாம், கேட்கலாம், கருவியைத் தொட்டு வாசித்தல் கூடாது. இவ்வழக்கம் எவ்வாறு ஒரு சமூகத்தின் மான உணர்வையே தாங்கி நின்றது, அது ஏன் இருபதாம் நூற்றாண்டில் ஆட்டம் கண்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் மக்களும்

பாலை என்றவுடன் நம் மாணவர்க்கு முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்த திணைப்பாலை நினைவுக்கு வரலாம். சகாரா பருவத்தால் திரிந்த நிலம் அன்று. ஆண்டு முழுதும் பாலையே. அதன் நடுவே, அல்ஜீரியாவின் தென்பகுதியில், அஹகார் மலைத்தொடர் எழுந்து நிற்கின்றது. அதன் உச்சி ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரமுடையது. அம்மலைப்பகுதியின் பெருநகரான தமன்ராசெத், தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. கடற்கரை அல்ஜீரியர்க்கே அது தொலைதூர நாடு.

துவாரெக்குகள் பெர்பர் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அல்ஜீரியா, மாலி, நைஜர், லிபியா, புர்கினா ஃபாசோ ஆகிய நாடுகளில் பரவி, ஒட்டகமும் ஆடும் மேய்த்தும் வணிகக் கூட்டங்களை நடத்தியும் வாழ்ந்தவர்கள். திஃபினாக் என்னும் தொன்மையான எழுத்து அவர்களுடையது. அவ்வெழுத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவந்தவர்கள் பெரிதும் தாய்மார்களே. அவர்கள் முஸ்லிம்கள். ஆயினும் அவர்களிடையே முகத்தைத் துணியால் மறைப்பவர் ஆடவர். பெண்டிர் முகம் மறைப்பதில்லை. அஹகார்ப் பகுதியில் ‘அமெனொக்கால்’ எனப்படும் தலைவர் பதவி தந்தை வழியாக அன்றித் தாய் வழியாகவே சென்றது. தலைவனுக்குப் பின் அவன் மகன் அல்லன், உடன்பிறந்தானோ உடன்பிறந்தாள் மகனோ உரியவன். தம் குலமுதல்வி தின் ஹினான் என்னும் அரசி என்பது அவர்தம் மரபுக்கதை. அபலெஸ்ஸா என்னும் இடத்தில் அவளுடையது எனச் சொல்லப்படும் கல்லறை 1925இல் அகழப்பட்டபோது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு அணிகலன்களோடு கிடைத்தது. அது அல்ஜியர்ஸ் பார்தோ அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கதையும் எலும்பும் ஒருத்தியைத்தாமா குறிக்கின்றன என்பது வேறு ஆராய்ச்சி. தம் வரலாற்றைப் பெண்ணிலிருந்து தொடங்கும் மக்கள் அவர்கள் என்பதே நமக்கு இங்கு வேண்டுவது.

கருவியின் அமைப்பு

இம்ஸாத் என்னும் சொல்லுக்கு அம்மொழியில் மயிர் என்பதே பொருள். நைஜர்ப் பகுதியில் இதனை அன்ஸாத் என வழங்குவர். நரம்பின் பெயரே கருவிக்கும் ஆகிவந்தது. நம் இலக்கணத்தார் சினையாகுபெயர் என்பர்.

கருவியின் உறுப்புகளை விளக்குதற்குப் பொருநராற்றுப்படை முதலிய நூல்களில் யாழின் உறுப்புகளுக்கு வழங்கிய பெயர்களையே வசதி கருதி ஆள்கிறேன். யாழ் விரலால் மீட்டப்படுவது, இம்ஸாத் வில்லால் உரசப்படுவது என்னும் வேறுபாட்டை மாணவர் மறத்தலாகாது. இம்ஸாத்தின் பத்தர், உலர்ந்த பெருஞ்சுரைக்காயின் ஒரு பாதி, சிலவிடங்களில் மரக்கிண்ணம். அதன் வாயில் ஆட்டுத்தோலைப் போர்த்தி, தோல்வார்களால் அடிப்புறத்தில் இழுத்துக் கட்டுவர். அப்போர்வையில் ஒலி வெளிப்படச் சிறு துளைகள் இடப்படும். ஒரு கோல் தோலின் அடியே நுழைந்து மறுபுறம் வெளிப்பட்டு நிற்கும். அதுவே கருவியின் தண்டு. குதிரை வால்மயிர் பலவற்றை ஒன்றுசேர்த்த நரம்பு ஒன்று பத்தரின் ஓரத்திலிருந்து தண்டின் நுனிவரை செல்லும். நரம்பைப் போர்வையினின்று உயர்த்தித் தாங்குவது சிறு குச்சிகளால் கவை போல் அமைத்த குதிரை. முறுக்காணி இல்லை, தண்டில் நரம்பைக் கட்டியுள்ள தோல்வாரை மேலும் கீழும் நகர்த்தியே சுருதி சேர்ப்பர். வில்லும் வளைந்த மெல்லிய கொம்பு. அதன் நாணும் குதிரை மயிரே. மயிரோடு மயிர் உராயப் பிறப்பது இவ்விசை.

இக்கருவியைச் செய்பவளும் பெரும்பாலும் இசைப்பவளே. பத்தரையும் தண்டையும் கொல்லர் குடியினர் செய்து தருதல் உண்டு. தோல் போர்த்துவதும் நரம்பு கட்டுவதும் சாயமிட்டுக் கோலம் தீட்டுவதும் பெண்டிர் பணி.

வாசிக்கும் முறை நுட்பமானது. பெண் தரையில் அமர்ந்து கருவியை மடிமேல் தாங்குகிறாள். இடக்கை விரல்கள் நரம்பின்மேல் இயங்குகின்றன. நரம்பு தண்டினின்று உயர்ந்து நிற்பதால் வயலினில் போல் அதனைப் பலகையோடு சேர்த்து அழுத்துதல் இயலாது. விரல் நரம்பைப் பக்கத்திலிருந்து தொட்டு நிற்கும். சுண்டுவிரலை நீட்டி, நரம்பின் நடுவில் அழுத்தாமல் தீண்டினால் அடிச்சுரத்திற்கு மேல் ஸ்தாயிச் சுரம் மெல்லிய விசில் போல் எழும். பல மெட்டுகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்குவன. ஆனால் அச்சுரங்களுக்கிடையே விரல் செய்யும் நடுக்கமும் வழுக்கலும் துள்ளலும் மிகுதி. அவற்றில்தான் ஒரு வாசிப்பாளியின் கை இன்னாருடையது என அடையாளம் காணப்படும். ஒலி சிறியது. நூறு பேர் கூடிய இடத்தில் அது எடுபடாது. கூடாரத்தின் வாயிலில் பத்துப் பதினைந்து பேர் பேச்சை நிறுத்திச் செவிசாய்த்தாலன்றி இம்ஸாத்துக்கு இடமில்லை. இதனை மாணவர் நினைவிற் கொள்க. பின்னர் வரும் செய்திகளுக்கு இதுவே திறவுகோல்.

வில்லுடைய பிற கருவிகள்

வில்லால் உரசி இசைக்கும் முறை கி.பி. 10ஆம் நூற்றாண்டளவில் மத்திய ஆசியாவிலிருந்து பரவியது என்பது இசை வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. 950இல் மறைந்த அல்ஃபாராபி தம் பெரிய இசைநூலில் ரபாப் என்னும் கருவியைப் பற்றி எழுதியுள்ளார். அப்பெயருடைய கருவிகள் வட ஆப்பிரிக்காவெங்கும் உள. ஃபெஸ், தெத்துவான் நகரங்களின் அந்தலூசிய இசைக்குழுக்களில் இரு நரம்பு ரபாப் இடம்பெறுகின்றது. மொராக்கோவின் சூஸ் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகச் செல்லும் பாணர்கள் ஒற்றை நரம்பு ரிபாப் வைத்திருப்பர். சகாராவின் தென்விளிம்பில் ஹவுசா மக்களிடம் கோகே என்னும் கருவி உண்டு. அதுவும் சுரைக்காய்ப் பத்தர், ஒற்றை நரம்பு, குதிரை மயிர் வில் உடையது. போர்வை மட்டும் உடும்பு இனத் தோல்.

இவையெல்லாம் ஆடவர் கருவிகள். பெரும்பாலும் கூலி பெற்று வாசிக்கும் தொழிற்கலைஞர் கருவிகள். கோகேயும் இம்ஸாத்தும் உருவில் உடன்பிறந்தவை போன்றவை. ஒன்று சந்தையிலும் விழாவிலும் ஆண் வாசிக்கக் காசு பெறுவது. மற்றொன்று கூடாரத்தில் பெண் வாசிக்க, எவரும் விலை பேசாதது. உருவம் ஒன்றாயிருப்பினும் கருவி ஒன்றாகிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கூடாரத்தின் உடைமை

ஏன் பெண்ணுக்கு மட்டும்? போர் ஓயாதிருந்த காலத்தில் ஆடவர் கையினின்று வாளை இறக்கவைக்கப் பெண்கள் இக்கருவியைப் படைத்தனர் என்பது துவாரெக்குகள் சொல்லும் கதைகளுள் ஒன்று. கதை அழகானது, வரலாறு எனக் கொள்ளற்கில்லை.

எனக்குத் தோன்றும் விளக்கம் வேறு. துவாரெக் வழக்கில் கூடாரம் பெண்ணின் உடைமை. மணத்தின்போது பெண்ணின் குடும்பத்தாரே கூடாரம் தருவர். மணவிலக்கு நேர்ந்தால் வெளியேறுபவன் கணவன். கூடாரத்தைக் குறிக்கும் ‘எஹென்’ என்னும் சொல்லே திருமணத்தையும் சுட்டும். நீர், பால், தானியம், தோற்பை, பிள்ளைகளின் எழுத்து என்று எவையெல்லாம் கூடாரத்துக்குள் இருக்கின்றனவோ அவையெல்லாம் அவள் ஆட்சிக்குட்பட்டவை. இம்ஸாத்தும் கூடாரத்துப் பொருள். ஒட்டகமும் வாளும் வழிப்பயணமும் வெளியுலகைச் சேர்ந்தவை, அவை ஆடவர்க்குரியன. வெளியே சென்று திரும்பியவன் செய்த செயலை உள்ளே இருப்பவள் எடைபோடுகிறாள். அவ்வெடைக்கல்லே இம்ஸாத்.

வீரர்தம் அருஞ்செயல்களையும் முன்னோர் புகழையும் பாடும் பாடல்களுக்கு இம்ஸாத் துணையிசைக்கும். மெட்டுகள் பலவற்றுக்குத் தனித்தனிப் பெயர்களும் உண்டு. தோற்றோடி வந்தவனுக்கு இம்ஸாத் ஒலிக்காது என்னும் அச்சம் போர்க்களத்தில் ஆடவரைப் பின்வாங்கவொட்டாது தடுத்தது என்பர். புறநானூறு கற்ற மாணவர்க்கு, மைந்தனின் புறமுதுகுப் புண்ணைத் தேடிச்செல்லும் தாய் இங்கே நினைவுக்கு வருதல் இயல்பே. ஆனால் அங்கே தீர்ப்பு சொல்லால் வருகின்றது. இங்கே வாசிக்க மறுக்கும் மௌனத்தால் வருகின்றது. நோயாளியின் துன்பத்தைத் தணிக்கவும் தீய ஆவிகளை விரட்டவும்கூட இதனை வாசிப்பதுண்டு.

இளையோர் கூடும் மாலைக் கூட்டத்துக்கு ‘அஹால்’ என்று பெயர். மணமாகாதவரும் மணவிலக்குப் பெற்றவரும் கைம்பெண்டிரும் அதில் இடம்பெறுவர். இம்ஸாத்தில் பெயர்பெற்ற ஒருத்தி நடுவே அமர்வாள். ஆடவர் தாம் புனைந்த பாடல்களைப் பாடுவர். சொற்போரும் விடுகதையும் நகையும் நிகழும். தகாத சொல் சொன்னவன் அவையில் மதிப்பிழப்பான். மார்க்க அறிஞர் குடியினருள் பலர் அஹாலை விரும்பியதில்லை. அது வியப்புமன்று. இசை கேட்டல் பற்றிய கருத்து வேறுபாடு முஸ்லிம் உலகில் நெடுங்காலத்தது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் இப்பொருளுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கி, எது ஆகும், எது ஆகாது எனப் பகுத்து ஆராய்ந்துள்ளார். பாலைவனத்தில் இவ்விரு சாராரும் பல நூற்றாண்டுகள் ஒருவரையொருவர் கடிந்துகொண்டே சேர்ந்து வாழ்ந்தனர் என்பதே கவனிக்கத்தக்கது.

தாஸீன்

இம்மரபில் பெயர் நிலைத்த பெண் தாஸீன். அஹகார்த் தலைமைக் குடியில் பிறந்தவள். புலமையிலும் இம்ஸாத்திலும் ஒருங்கே சிறந்தவள். 1905 முதல் 1920இல் இறக்கும் வரை அமெனொக்காலாக விளங்கிய மூஸா அக் அமஸ்தான் அவளை விரும்பினார். தாமும் பாடல் புனைபவராதலின் அவளைப் பாடினார். தாஸீன் அவரை மணக்க இசையவில்லை, வேறொருவரை மணந்தாள். தலைவனின் விருப்பத்தை மறுத்ததால் அவளுக்கு எவ்விழிவும் நேரவில்லை. அவள் சொல்லுக்கு அவையில் இருந்த மதிப்பும் குறையவில்லை. அதிகாரத்தின் முன் ‘இல்லை’ எனச் சொல்லும் உரிமை அவளுக்கு இருந்தது என்பதை இம்ஸாத்தின் வரலாற்றில் ஒரு பகுதியாகவே கொள்ளல் வேண்டும்.

அக்காலப் பாடல்கள் நமக்குக் கிடைத்தமைக்குக் காரணமானவர் ஷார்ல் த ஃபூக்கோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். 1905இல் தமன்ராசெத்தில் குடியேறி, துவாரெக் மொழியை ஊன்றிக் கற்று, நூற்றுக்கணக்கான பாடல்களைக் கேட்டெழுதினார். 1916 டிசம்பர் 1இல் அவர் அங்கே கொல்லப்பட்டார். அவர் திரட்டிய பாடல்கள் 1925, 1930 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாகவும், அகராதி 1951, 1952இல் நான்கு தொகுதிகளாகவும் வெளிவந்தன. அவர் பிரெஞ்சுப் படை அலுவலர்களின் நண்பர் என்பதையும், நாட்டைப் பிடித்தவர்களுக்கு அவர் அறிவு பயன்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் அவர் உழைப்பு பெரிது. குறை ஒன்றே: தாளில் ஏறியது ஆடவர், மகளிர் பாடிய சொல், நரம்பு சொன்னது ஏறவில்லை. இசையைக் கேட்க ஒலிப்பதிவுக் காலம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஃபோக்வேஸ் நிறுவனம் 1960இல் வெளியிட்ட தென்சகாரா துவாரெக் இசைத்தட்டும், பின்னர் அமெரிக்கரான கரோலின் கார்ட், நைஜரில் ஆய்ந்த ஃபிரான்சுவா போரெல் ஆகியோரின் களப்பணியும் அவ்வகையில் குறிப்பிடத்தக்கன.

கூடாரம் கலைந்தது

1902 மே 7இல் தித் என்னுமிடத்தில் அஹகார்ப் படை பிரெஞ்சுத் துப்பாக்கிகளுக்கு முன் தோற்றது. வீரத்தைப் போற்றும் இசைக்கு அதுவே முதல் அடி எனலாம். வாளின் காலம் முடிந்தபின் எச்செயலைப் பாடுவது? எனினும் இம்ஸாத் உடனே மறையவில்லை. காதலும் பிரிவும் பயணமும் எஞ்சியிருந்தன.

அடுத்த அடி எல்லைக்கோடுகளால் வந்தது. 1960இல் மாலியும் நைஜரும், 1962இல் அல்ஜீரியாவும் விடுதலை பெற்றன. ஒரே மக்கள் பல நாட்டுக் குடிகளாயினர். மேய்ச்சல் வழிகள் சுங்கச்சாவடிகளாயின. 1970களின் தொடக்கத்திலும் 1980களின் நடுவிலும் நேர்ந்த கொடும் வறட்சிகளில் மந்தைகள் அழிந்தன. மந்தை அழிந்தால் தோல் இல்லை, பால் இல்லை, கூடாரம் இல்லை. மக்கள் நகரோரங்களில் மண்வீடுகளிலும் சிமெண்டு வீடுகளிலும் தங்கினர். அவ்வீடுகள் கட்டியவன் பெயரில், அதாவது ஆணின் பெயரில் அமைந்தன. பெண்ணின் உடைமையாகிய கூடாரம் போனபின் அதனுள் இருந்த கருவி எங்கே நிற்கும்? இம்ஸாத்தின் தேய்வுக்கு வானொலியையும் மேலைநாட்டு இசையையும் காரணங்காட்டுவோர் உளர். அவற்றினும் ஆழமான காரணம் இவ்வீட்டு மாற்றமே என்பது என் கருத்து.

வேலை தேடி அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் சென்ற இளைஞர்கள் தம்மை ‘இஷூமர்’ என அழைத்துக்கொண்டனர். வேலையற்றோர் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் திரிபு அது. அவர்கள் கையில் கிதார் வந்தது. 1979இல் தோன்றி உலகப் புகழ்பெற்ற தினாரிவென் குழுவின் இசையில் பழைய மகளிர் இசையின் வளைவுகளைக் கேட்கலாம். அக்குழு 2012இல் கிராமி விருதும் பெற்றது. கிதார் ஆயிரம் பேருக்கு எட்டும். இடம்பெயர்ந்தோரின் ஏக்கத்தை அது நன்றாகவே சொன்னது. அதனைக் குறைகூறுதல் நேர்மையாகாது. ஆனால் முன்பு ஆண் பாட, பெண் நரம்பால் விடை சொன்ன இடத்தில், இப்போது பாட்டும் நரம்பும் ஆணுடையனவாக, பெண்ணுக்குக் கைதட்டும் குலவையுமே மிஞ்சின. 2012இல் வட மாலியைப் பிடித்த ஆயுதக் குழுக்கள் இசையையே தடைசெய்தபோது கிதாரும் ஊரைவிட்டு ஓடவேண்டியதாயிற்று. பழைய மார்க்க அறிஞர்கள் கடிந்துகொண்டார்கள், விலகியிருந்தார்கள். கருவிகளை உடைக்க ஆள் அனுப்பவில்லை.

மீட்பு முயற்சி

அஹகாரில் இம்ஸாத் வாசிக்கத் தெரிந்த மூதாட்டியர் ஒருசிலரே எஞ்சிய நிலையில், 2003இல் தமன்ராசெத்தில் இதனைக் காக்கவென்றே ஓர் அமைப்பு தோன்றியது. மூதாட்டியரையே ஆசிரியைகளாக அமர்த்தி இளம்பெண்களுக்கு வாசிக்கவும் கருவி செய்யவும் கற்பித்தனர். 2013 டிசம்பரில் அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் கூடிய யுனெஸ்கோ குழு, அல்ஜீரியா, மாலி, நைஜர் ஆகிய மூன்று நாடுகளின் கூட்டு வேண்டுகோளை ஏற்று, இம்ஸாத் பற்றிய அறிவையும் வழக்கங்களையும் மானுடத்தின் தொட்டுணர முடியாத மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. எல்லைக்கோடுகளால் பிரிக்கப்பட்ட ஒரு மக்களை மூன்று அரசுகள் சேர்ந்து பெயர் சொல்லி மதித்தது சிறு செய்தியன்று.

இம்முயற்சியைப் பாராட்டும்போதே ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். முன்பு இக்கலை பாடமாகக் கற்பிக்கப்படவில்லை. சிறுமி தாயின் அருகிலோ பெரியம்மாவின் அருகிலோ அமர்ந்து, கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் கற்றாள். விரலசைவோடு கூடவே, இப்பாடல் யாருடையது, யாரைப் பற்றியது, இவ்வவையில் இதனை வாசிக்கலாமா என்பவற்றையும் கற்றாள். வகுப்பறையில் விரலசைவை ஓராண்டில் கற்பித்துவிடலாம். மேடை ஏற்றி ஒலிபெருக்கி வைத்து ஐந்நூறு பேருக்குக் கேட்கவும் செய்யலாம். ஆனால் இம்ஸாத் அருகிருந்து கேட்பவனுக்கான கருவி என்பதை முன்னரே கண்டோம். சுற்றுலா வந்தவர்க்கும் அமைச்சர்க்கும் வேண்டும்போதெல்லாம் வாசித்தாக வேண்டிய பெண்ணுக்கு, தகாதவன் முன் வில்லைக் கீழே வைக்கும் உரிமை உண்டா? பாடல் புனையும் ஆடவரும் குறைந்துவிட்ட நிலையில் அவள் நரம்பு யார் சொல்லுக்கு விடையிறுக்கும்? சுரைக்காயும் தோலும் குதிரை மயிரும் இன்றும் கிடைக்கின்றன. வாசிக்கும் கைகளும் கிடைக்கத் தொடங்கிவிட்டன. யாருக்கு வாசிப்பது, யாருக்கு மறுப்பது என்று தீர்மானிக்கும் துணிவை எந்த வகுப்பில் எவ்வாறு கற்பிப்பது என்பது அம்மூதாட்டியரின் மாணவிகள் முன் இன்னும் நிற்கின்றது.